ரப்பர் மாற்றினால் ஸ்பின் கூடுமா?

வாசகர் கேள்வி, 4 செப்டம்பர் 2024

"கிளப்பில் நான்கு வருடமாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். இத்தனை நாள் ரெடிமேட் பேட். போன மாதம் தனியாக பிளேடு (ரப்பர் ஒட்டாத மரப் பலகை) வாங்கி, இரண்டு பக்கமும் விலை உயர்ந்த ரப்பர் ஒட்டினேன். மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல் ஆனது. என் சர்வீஸில் ஸ்பின் கூடவே இல்லை. அதைவிட மோசம், முன்பு சுலபமாக எடுத்த சர்வீஸ்கள் இப்போது மேலே பறக்கின்றன, இல்லாவிட்டால் வலையில் விழுகின்றன. ரப்பர் போலியா? இல்லை, ஸ்பின் என்பதே கைதானா?"

4 செப்டம்பர்

போலியாக இருக்காது. ரப்பர் வேலை செய்வதால்தான் சர்வீஸ்கள் பறக்கின்றன. பழைய ரெடிமேட் பேட்டின் மேற்பரப்பு வழுக்கும். எதிராளி எவ்வளவு ஸ்பின் ஏற்றி அனுப்பினாலும் பந்து அதன் மேல் சறுக்கிவிடும், அந்த ஸ்பின்னில் பாதி உங்களைத் தொடவே தொடாது. புது ரப்பர் பந்தைப் பிடிக்கிறது. பிடித்தால் வருகிற ஸ்பின் முழுவதும் உங்கள் பேட்டில் இறங்கும்.

பேட் விளம்பரங்களில் "அதிக ஸ்பின்" என்று எழுதுவார்கள். நீங்கள் கொடுக்கும் ஸ்பின்னை மட்டும் சொல்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாங்கும் ஸ்பின்னும் அதே அளவு கூடும். கொடுப்பது கூட வேண்டுமென்றால் கை வேகமாகத் தேய்க்க வேண்டும். வாங்குவது கூடுவதற்கு நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். அதனால் ரப்பர் மாற்றிய முதல் மாதத்தில் எல்லோருக்கும் கெட்டதுதான் முதலில் தெரியும்.

5 செப்டம்பர்

கை வேகத்துக்கு எவ்வளவு ஸ்பின் கிடைக்கும் என்று கணக்கு கேட்டிருக்கிறீர்கள். பள்ளி இயற்பியல் போதும், எனக்கு இதில் ஆசையும் உண்டு.

பந்து உள்ளே காலியான கோளம். எடை 2.7 கிராம். பேட் 170, 180 கிராம் இருக்கும், அதோடு கையும் சேர்ந்து வருகிறது. ஆகவே பந்து பட்டதால் பேட்டின் வேகம் பெரிதாகக் குறையாது. சுழலாமல் விழுகிற ஒரு பந்தை பேட் பக்கவாட்டில் உரசிப் போகிறது, ரப்பர் துளியும் வழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த உரசல் வேகத்தில் 60 சதவீதம் பந்தின் மேற்பரப்புச் சுழல் வேகமாகிறது, 40 சதவீதம் பந்து நகரும் வேகமாகிறது. வெற்றுக் கோளத்தின் நிலைமத்திலிருந்து நேராக வரும் விகிதம் இது. எந்தக் கம்பெனி ரப்பருக்கும் பொது.

பந்தின் சுற்றளவு சுமார் 12.6 சென்டிமீட்டர். நொடிக்கு 50 சுற்று வேண்டுமென்றால் மேற்பரப்பு நொடிக்கு 6.3 மீட்டர் ஓட வேண்டும். அதற்கு பேட் நொடிக்கு பத்தரை மீட்டர் வேகத்தில் பந்தை உரச வேண்டும். மணிக்கு 38 கிலோமீட்டர். அதுவும் பந்து படுகிற அந்தக் கணத்தில், உரசும் திசையில். வேகத்தைப் பாதியாக்கினால் சுற்றும் பாதி.

இதில் ரப்பரின் பங்கு என்ன? வழுக்கும் ரப்பர் அந்த 60-ஐ எட்டாது. பிடிக்கிற ரப்பர் எட்டும். நல்ல ரப்பர் 60-ஐயும் தாண்டும். காரணம், மேல்தோலும் அதற்கு அடியில் இருக்கும் குட்டைக் காம்புகளும் பக்கவாட்டில் இழுபட்டு, பந்து விடுபடும் முன் திரும்பி உதைக்கின்றன. அந்த உதை கூடுதல் சுழலாகச் சேரும். கடைக்காரர் "எலாஸ்டிக்" என்று சொல்வது இதைத்தான்.

ரெடிமேட் பேட்டிலிருந்து நல்ல ரப்பருக்குப் போவது பெரிய தாவல், சந்தேகமில்லை. நல்ல ரப்பரிலிருந்து அதைவிட விலை கூடிய ரப்பருக்குப் போவது சின்ன நகர்வு. கையை ஒன்றரை மடங்கு வேகமாக்கினால் ஸ்பின் அப்படியே ஒன்றரை மடங்கு. எந்த விலைக்கும் இதைத் தருகிற ரப்பர் கிடையாது.

5 செப்டம்பர், இரவு

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. உரசல் வேகம் பேட்டின் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மணிக்கட்டை வைத்துச் சுழற்றும்போது நுனி வேகமாகப் போகும், கைப்பிடிப் பக்கம் மெதுவாகப் போகும். சர்வீஸில் பந்து படவேண்டிய இடம் நுனிக்குப் பக்கம். நம் ஆட்கள் பாதிப் பேர் நடுவில் வாங்குகிறார்கள்.

8 செப்டம்பர்

சர்வீஸில் ஸ்பின் ஏற்றுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பிடி. ஆட்டத்தின்போது பிடிக்கும் அதே பிடியில் சர்வீஸ் போட்டால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பெண்டுலம் சர்வீஸ் (முன்கையை ஊசல் போல ஆட்டுவது) போடுகிறவர்களின் கையைப் பாருங்கள்: கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிளேடைப் பிடித்திருக்கும், மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியை விட்டு உள்ளங்கைப் பக்கம் மடங்கியிருக்கும். இதைச் செய்துவிட்டுக் கையை ஆட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அப்புறம், பெரிதாக வீச வேண்டியதில்லை. நீளமான வீச்சு எதிராளிக்குத் தகவல் சொல்கிறது. குறுகிய, கடைசி நொடியில் வெடிக்கிற மணிக்கட்டு போதும்.

பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் தூக்க வேண்டும் என்பது விதி. பலர் சரியாக அந்த அளவு தூக்கி அவசரமாக அடிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உயரத் தூக்குங்கள். இறங்குகிற பந்துக்குக் கீழ்நோக்கிய வேகம் இருக்கிறது. பேக்ஸ்பின் (பந்து பின்னோக்கிச் சுழல்வது) போடும்போது அது பேட்டில் நன்றாக அழுந்த உதவும். வலை உயரத்துக்குக் கீழே வரும்வரை காத்திருந்து தொட்டால் பந்து தாழ்வாகவும் போகும்.

பந்து எவ்வளவு மெல்லியதாகப் படுகிறது என்பது காதில் தெரியும். "டொக்" என்று மரச் சத்தம் வந்தால் நீங்கள் அடித்திருக்கிறீர்கள். சத்தமே இல்லாமல் பந்து கிளம்பினால் தேய்த்திருக்கிறீர்கள். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் மேஜையே கிடையாது. தரையில் நின்று பேக்ஸ்பின் போட்டு, பந்து முன்னே போய் விழுந்து தானாகத் திரும்பி வரவேண்டும். திரும்பி வராத பந்துக்கு எந்த ரப்பரும் பொறுப்பில்லை.

ஸ்பின் இல்லாத சர்வீஸும் கற்றுக்கொள்ளுங்கள். அதே வீச்சு, அதே வேகம், ஆனால் பந்து கைப்பிடிக்கு அருகில் பட வேண்டும், உரசாமல் லேசாகத் தள்ள வேண்டும். கனமான பேக்ஸ்பின் என்று நம்பி எதிராளி தூக்குவார், பந்து உயர வரும். என் பார்வையில், சர்வீஸில் ஸ்பின்னின் அளவைவிட இரண்டு ஸ்பின்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் பாயிண்ட் எடுத்துத் தருகிறது. நொடிக்கு 60 சுற்று போடுகிறவர் எப்போதும் 60 போட்டால் மூன்றாவது சர்வீஸில் பழகிவிடும்.

கையாலோ உடம்பாலோ பந்தை மறைத்துப் போடுவதை 2002-லேயே நிறுத்திவிட்டார்கள். கிளப்பில் இன்னும் சிலர் செய்கிறார்கள். தோளை நகர்த்தச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

11 செப்டம்பர்

"டாக்கி ரப்பரில் பந்து ஒட்டிக்கொண்டு தொங்குகிறதே, ஸ்பின்னில் அதுதானே ராஜா?" என்று ஒருவர்.

ஒட்டும் தன்மையும் பிடிக்கும் தன்மையும் வேறு வேறு. சீன ரப்பர் ஹரிகேன் 3 ஒட்டும், அதன் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் கல் மாதிரி கடினம். ஜப்பானிய டெனர்ஜி 05 ஒட்டாது, பந்தை வைத்தால் உருண்டு ஓடிவிடும். ஆனால் ஸ்பாஞ்சுக்குள் பந்து இறங்கியதும் இறுக்கிப் பிடிக்கும். சர்வீஸ், புஷ் (பேக்ஸ்பின்னோடு மெதுவாகத் தள்ளுவது) போல பந்து அழுந்தாமல் மேலோட்டமாகத் தொடும் அடிகளில் ஒட்டும் ரப்பருக்கு லாபம். லூப்பில் (கீழிருந்து மேலே தேய்த்துச் சுழற்றி அடிப்பது) பந்து ஆழமாக இறங்குவதால் ஒட்டுதலுக்கு முக்கியத்துவம் குறைந்து, ஸ்பாஞ்சும் காம்புகளும் பொறுப்பேற்கின்றன.

கடின ஸ்பாஞ்சுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மெதுவாக அடிக்கிற கைக்கு அது திறக்காது. பந்து மேலேயே நின்றுவிடும், இழுபடுதல் நடக்காது, திரும்பிய உதையும் இல்லை. சீன வீரர் மா லாங் ஃபோர்ஹேண்டில் ஹரிகேன் வைத்து ஆடியதைப் பார்த்து வாங்கிய நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். கால் தரையை உந்தி, இடுப்பு திரும்பி, தோள், முன்கை என்று வரிசையாக வந்து சேரும் வேகம் அந்த ஸ்பாஞ்சை அழுத்துகிறது. வாரம் இரண்டு நாள் மாலையில் ஆடுகிறவருக்கு நடுத்தரக் கடினம், 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் போதும். விதிப்படி பசை உட்பட மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த விளிம்பில் போய் நிற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை: கடினத்துக்கு ஒவ்வொரு நாட்டுக் கம்பெனியும் வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. டெனர்ஜி 05-ல் 36 என்று போட்டிருக்கும், சீன ரப்பரில் 39 என்று போட்டிருக்கும். மூன்று டிகிரிதானே வித்தியாசம் என்று வாங்கிவிடாதீர்கள். கையால் அழுத்திப் பார்த்தாலே இரண்டும் வேறு உலகம்.

12 செப்டம்பர்

பிளேடு பற்றி. "கார்பன் பிளேடில் பந்து நிற்காது, மரத்தில் அதிக நேரம் நிற்கும், அதனால் ஸ்பின் அதிகம், அதைக் கையில் உணர முடிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பந்தும் ரப்பரும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி. கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச்சேரவே அதைப்போலப் பல மடங்கு ஆகும். நீங்கள் "பிடித்தது" என்று உணரும்போது பந்து வலையை நோக்கிக் கிளம்பிவிட்டது. கையில் தெரிவது பிளேடின் அதிர்வு. மரம் மெதுவாக அதிரும், கார்பன் சட்டென அடங்கும். அந்த உணர்வுக்கு மதிப்பு உண்டு, அடுத்த பந்தை எப்படி அடிப்பது என்று அது சொல்லித்தரும். ஆனால் அதை வைத்து ஸ்பின்னை அளக்க முடியாது.

வளையும் மரப் பிளேடில் மெல்லிய உரசல் சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பந்து சட்டெனத் துள்ளி ஓடாததால் பயமில்லாமல் முழு வேகத்தில் கை வீசலாம். ஸ்பின் கூடுவது அந்தத் தைரியத்தால். பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. கார்பன் என்று விற்பதும் பெரும்பாலும் மரம்தான்.

15 செப்டம்பர்

ஸ்பின்னை அளக்க முடியுமா என்ற கேள்விக்கு. முடியும், கையில் இருக்கும் போனே போதும்.

பந்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பாதியைக் கறுப்பாக்குங்கள். போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வைத்து, பக்கத்தில் நின்று யாராவது படம் எடுக்கட்டும். கறுப்புப் பக்கம் மறைந்து திரும்பி அதே இடத்துக்கு வர எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். 8 படம் என்றால் நொடிக்கு 30 சுற்று. 4 படம் என்றால் 60. நல்ல வெளிச்சம் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும், ட்யூப்லைட் ஹாலில் கலங்கும்.

ஓர் எல்லை இருக்கிறது. நொடிக்கு 120 சுற்றை நெருங்கினால் இரண்டு படத்துக்கு ஒரு சுற்று ஆகிவிடும், பந்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றே குழம்பும். உலகத் தர வீரர்களின் லூப் நொடிக்கு 100 சுற்றைத் தாண்டும். நம் கிளப் சர்வீஸ்களுக்கு 240 தாராளம்.

எங்கள் ஹாலில் இதைச் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். "பயங்கர ஸ்பின்" என்று பேர் வாங்கிய ஒருவரின் சர்வீஸ் நடுத்தரம்தான். அவர் அதே வீச்சில் போடும் ஸ்பின் இல்லாத பந்துதான் ஆட்களை வீழ்த்திக்கொண்டிருந்தது. பேட்டைக் கைமாற்றியும் பார்த்தோம். வேகமான கைக்காரர் பழைய பேட்டில் போட்ட சர்வீஸ், மெதுவான கைக்காரர் புது ரப்பரில் போட்டதைவிடத் தெளிவாக அதிகம் சுற்றியது.

21 செப்டம்பர்

இப்போது பந்துக்கு வந்திருக்கிறோம். ஒருவர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்: 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, எடை 2.5 கிராமிலிருந்து 2.7 ஆனது, சுழல் நிலைமம் 20 சதவீதம் கூடியது, ஆகவே ஸ்பின் 20 சதவீதம் குறைந்தது.

நிலைமம் வரை சரி. ஆரத்தின் இருமடிப் பெருக்கம் 1.108, எடை 1.08, பெருக்கினால் ஏறக்குறைய 1.2. அடுத்த படி சரியில்லை. பந்துக்கு நாம் கொடுப்பது ஒரு நிலையான தள்ளு அல்ல. நாம் கொடுப்பது பேட்டின் வேகம். பந்து கனத்தாலும் பேட்டுக்கு அது கொசு எடை, வேகம் குறையாது. 5-ஆம் தேதி எழுதிய 60 சதவீதம் பந்தின் அளவைப் பொறுத்ததல்ல. மேற்பரப்பு வேகம் அதே அளவு கிடைக்கிறது. சுற்றளவு பெரிதானதால் சுற்றுகள் மட்டும் குறைகின்றன. 38-க்கு 40, அதாவது 5 சதவீதம்.

5 சதவீதம் சின்ன விஷயமில்லை. உலகத் தர ஆட்டத்தில் பேட்டின் சாய்வு கொஞ்சம் மாறினாலே பந்து மேஜையைத் தாண்டிவிடும். ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் "ஸ்பின்னே செத்துப்போச்சு" என்ற புலம்பலுக்கு ஒரு பந்து மட்டும் காரணமாக முடியாது. 2008-ல் ஸ்பீட் க்ளூ தடை வந்தது. அதுவரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கரைப்பான் கலந்த பசையைத் தடவி ஒட்டுவார்கள், ஸ்பாஞ்ச் உப்பி விறைக்கும், பந்து சீறும். அந்த வாசனை பிடித்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடம்புக்குக் கெடுதல் என்றுதான் நிறுத்தினார்கள், நல்லதே. பசையில் கிடைத்த அந்த விறைப்பைத் தொழிற்சாலையிலேயே ஸ்பாஞ்சுக்குள் வைத்துத் தரும் ரப்பர்கள் பிறகு எல்லோர் கையிலும் வந்தன. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. பெயர் 40+. முன்பு 39.5 வரை அனுமதி, இப்போது 40-க்குக் கீழே போகவே கூடாது, ஆக அந்தப் பந்தும் கொஞ்சம் பெரிது. மேற்பரப்பும் வேறு.

புதுப் பந்தை டப்பாவிலிருந்து எடுத்ததும் மேலே பவுடர் இருக்கும். துடைத்துவிட்டு ஆடுங்கள். முதல் நாலு சர்வீஸ் வழுக்குவதற்கு அது ஒன்றே காரணம்.

22 செப்டம்பர்

இதை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன், நிதானமாக எழுத வேண்டும் என்று. ஸ்பின்னில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்: பந்து சுற்றும் திசையைத் தொடர்வதா, திருப்புவதா.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். அது சுற்றும் திசையிலேயே உள்ளங்கையால் இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் வேகம் ஏறும். எதிர்த்திசையில் சுற்ற வைக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்தி, அப்புறம் புதிதாகத் தள்ள வேண்டும்.

எதிராளி பேக்ஸ்பின்னில் புஷ் செய்கிறார். பந்தின் மேல்பக்கம் உங்களை விட்டு விலகிச் சுற்றுகிறது. நீங்கள் டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழல்வது) போட்டால் பந்து அவரை நோக்கிப் போகும், மேல்பக்கம் மறுபடியும் உங்களை விட்டு விலகும் திசையிலேயே சுற்றும். பந்து சுற்றிய திசை மாறவே இல்லை. அவர் போட்ட ஸ்பின்னுக்கு மேல் நீங்கள் உங்களுடையதைச் சேர்க்கிறீர்கள். ஆகவேதான் பேக்ஸ்பின்னுக்கு எதிரான மெதுவான லூப் ஆட்டத்திலேயே கனமான ஸ்பின்னோடு போகிறது.

எதிராளி டாப்ஸ்பின் போடுகிறார், நீங்களும் டாப்ஸ்பின்னில் திருப்புகிறீர்கள் என்றால் கதை மாறுகிறது. வருகிற சுழலை நிறுத்தி எதிர்த்திசையில் சுற்ற வைக்க வேண்டும். நல்ல பிடிப்புள்ள ரப்பர் இல்லாவிட்டால் முடியவே முடியாது. இந்த இடத்தில் மட்டும் "கைதான் எல்லாம்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. புஷ்ஷுக்கு எதிர் புஷ்ஷும் திருப்புகிற ஆட்டம்தான். மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது லாங் பிம்பிள்ஸ். காம்புகள் நீளமாக, வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பந்து படும்போது அவை வளைந்து வழிவிடும், பந்தைப் பிடிப்பதில்லை. வருகிற சுழல் பெரும்பாலும் அப்படியே இருக்கும், பந்தின் போக்கு மட்டும் திரும்பும். நீங்கள் போட்ட டாப்ஸ்பின் உங்களுக்கே பேக்ஸ்பின்னாகத் திரும்பி வரும். நீங்கள் போட்ட பேக்ஸ்பின் லேசான டாப்ஸ்பின்னாக வரும். பிம்பிள்ஸ்காரர் மந்திரம் எதுவும் செய்யவில்லை. உங்கள் ஸ்பின்னை உங்களிடமே ஒப்படைக்கிறார். அவரோடு ஆடும்போது "அவர் என்ன போட்டார்" என்று பார்க்காதீர்கள், "நான் கடைசியாக என்ன போட்டேன்" என்று நினைவில் வையுங்கள். ஸ்பின் இல்லாமல் நீளமாகத் தள்ளினால் அவரிடம் திருப்பித் தர ஒன்றும் இருக்காது.

மணிகா பத்ரா 2018-ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றபோது பேக்ஹேண்டில் இருந்தது லாங் பிம்பிள்ஸ். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் இந்தியாவின் அய்ஹிகா முகர்ஜி, அப்போது உலகின் முதல் நிலை வீராங்கனையான சீனாவின் சுன் யிங்ஷாவை வென்றார். அவர் பேக்ஹேண்டில் வைத்திருந்தது ஆன்டி-ஸ்பின் ரப்பர். அது வழவழப்பானது, சுழலைப் பிடிக்காமல் நழுவவிடும். வீடியோ கிடைத்தால் பேட்டைப் பார்க்காமல் சுன் யிங்ஷாவின் பந்து எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். உலகின் மிகச் சிறந்த கை, தான் போட்ட ஸ்பின்னோடு மல்லுக்கட்டுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை மகிழ்ச்சி.

29 செப்டம்பர்

"லாங் பிம்பிள்ஸ், ஆன்டி எல்லாம் ஏமாற்று வேலை, தடை செய்ய வேண்டும்" என்ற பதிவுக்கு.

1952-ல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் இதே பேச்சு எழுந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். மற்றவர்களின் பேட் டக்டக்கென்று சத்தம் போடும், அவருடையது பேசாது. பந்தின் வேகத்தைச் சத்தத்தால் கணித்துப் பழகியவர்கள் திணறினார்கள், அவர் ஒற்றையர் பட்டத்தோடு ஊர் திரும்பினார். 1959-ல் தனி ஸ்பாஞ்சுக்கு இடமில்லை என்றும், மேலே ரப்பர் தோல் வேண்டும், தடிமனுக்கு அளவு வேண்டும் என்றும் முடிவானது. இன்று நீங்கள் "இயல்பான ரப்பர்" என்று சொல்வது அந்தச் சமரசத்தில் பிறந்தது.

அப்புறம் பேட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரு பக்கம் பிடிக்கும் ரப்பர், மறுபக்கம் ஆன்டி. மேஜைக்குக் கீழே பேட்டைத் திருப்பிவிட்டு சர்வீஸ் போடுவார்கள், சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். 1980களின் நடுவில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று ஆக்கினார்கள். இப்போது 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதில் நீலம், பச்சை, பிங்க் போன்றவையும் வைக்கலாம். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். உரசலே இல்லாத பிம்பிள்ஸை 2008-ல் நிறுத்திவிட்டார்கள்.

ஆக ஏமாற்று என்று சொல்லத்தக்க பகுதிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. மிச்சம் இருப்பது, எதிராளியின் பேட்டை ஆட்டத்துக்கு முன் வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமையுள்ள ஓர் ஆட்டம். வாங்கிப் பாருங்கள். விரலால் தடவிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

10 நவம்பர்

மழை ஆரம்பித்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "ரப்பர் திடீரென்று செத்துப்போனது."

சென்னையில் ஏசி இல்லாத ஹாலில் ஆடுகிறீர்கள் என்றால் ரப்பர் சாகவில்லை, ஈரம் படிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் போதும், பந்து சறுக்கும். லூப் நேராக வலைக்குப் போகும், ஏனென்றால் மேலே தூக்க வேண்டிய உரசல் காணாமல் போய்விட்டது. உள்ளங்கை வியர்வை பந்திலும் ஏறும். சின்ன காட்டன் துணி வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆறு பாயிண்ட்டுக்கும் பேட்டைத் துடையுங்கள், அப்போதுதான் துண்டு எடுக்க அனுமதி. இடையில் பந்தைச் சட்டையில் தேய்க்கலாம், சட்டை காய்ந்திருந்தால்.

ஈர நாட்களில் நான் உரசலைக் குறைத்து, பந்தை ஆழமாக அழுத்தி அடிக்கிறேன். அழுத்தம் கூடினால் படலத்தைத் தாண்டிப் பிடிப்பு கிடைக்கும். மெல்லிய உரசல் டிசம்பர் கடைசி வரை காத்திருக்கட்டும்.

ஆடி முடித்ததும் சுத்தமான தண்ணீரில் நனைத்த மெத்தென்ற ஸ்பாஞ்சால் துடைத்து, காயவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒட்டி வையுங்கள். பேட்டை வண்டி டிக்கியில் வெயிலில் விடவே விடாதீர்கள். வெப்பத்தில் மேல்தோல் காய்ந்து பளபளப்பாகிவிட்டால் எந்தத் தண்ணீரும் அதைத் திருப்பித் தராது.

ஸ்பாஞ்சில் எண்ணெய் தடவி ஊறவைப்பது பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டீர்கள். ரப்பரை வாங்கிய பிறகு எந்த வேதிப்பொருளும் சேர்க்கக் கூடாது என்று விதி தெளிவாக இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் நான் அதைச் சொல்லித்தர மாட்டேன்.

17 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சர்வீஸில் ஸ்பின் ஏறிவிட்டதாம், போனில் எண்ணியும் பார்த்திருக்கிறார், மகிழ்ச்சி. சர்வீஸ் எடுப்பதுதான் இன்னும் தகராறு, பழைய பேட்டுக்கே போய்விடலாமா என்கிறார்.

போகாதீர்கள். பழைய பேட்டில் நீங்கள் சர்வீஸைப் படிக்கவே இல்லை, வழுக்கல் உங்களைக் காப்பாற்றியது. இப்போது படிக்க வேண்டும். பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் முத்திரையைக் கவனியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அநேகமாக ஸ்பின் குறைவு, கலங்கினால் அதிகம். பந்து மேஜையில் பட்ட பிறகு பாருங்கள்: பேக்ஸ்பின் தயங்கும், டாப்ஸ்பின் எகிறும், சைட்ஸ்பின் ஒதுங்கும்.

இன்னொன்று, சுழலும் பந்துக்கு அச்சு உண்டு. அச்சின் இரண்டு முனைகளிலும் மேற்பரப்பு ஏறக்குறைய அசைவதில்லை. பேக்ஸ்பின் பந்துக்கு அந்த முனைகள் இடது, வலது பக்கங்களில் இருக்கின்றன. நேர் பின்னால் தொட்டால் முழு ஸ்பின்னும் உங்களை இழுக்கும்; பக்கவாட்டில் தொட்டால் பாதிகூட இழுக்காது. செக் வீரர் பீட்டர் கோர்பெல் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பனானா ஃபிளிக் கனமான பேக்ஸ்பின் சர்வீஸையும் அடிக்க முடிவது இதனால்தான். முழங்கை உயரமாக, பேட் நுனி கீழே தொங்க, பந்தின் பக்கத்தைச் சுற்றி வழித்துக்கொண்டு போகும்.

அதைக் கற்க நேரமாகும். அதுவரை சர்வீஸை மேஜைக்கு மேலேயே, எழும்பும்போதே, தளர்ந்த பிடியில் குட்டையாகத் தொட்டு விடுங்கள். இறுக்கிப் பிடித்த பேட்டில் எதிராளியின் ஸ்பின் அதிகமாக ஏறும். ஃபோர்ஹேண்டில் இருக்கும் ரப்பர் அப்படியே இருக்கட்டும். பேக்ஹேண்டில் மட்டும், அடுத்த முறை மாற்றும்போது, இதைவிட ஒரு படி மென்மையான, 1.8 மில்லிமீட்டர் ஒன்றை ஒட்டுங்கள். விலை கூடியது தேவையில்லை.